நிலத்திலிருந்து எழும்பும் பலம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியராக இருக்கும் பழைய மாணவி ஒருவர் சுகநலம் பற்றிப் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டது. எதைப் பேசுவது என்று எங்கள் வகுப்புக் குழுவில் பல நாட்கள் கதைத்தோம். பேசுவது ஒரு வாய் என்றாலும் சொல்லப் போவது எல்லோரும் சேர்ந்து பட்டு அறிந்தது. அதனால் "நாங்கள்" என்றே பேசுகிறோம். பொறுத்தருளுங்கள்.

சீனி வருத்தம், இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் என்று பேசப் பல விடயங்கள் உண்டு. நாங்கள் தெரிந்தெடுத்தது ஒரு சொல்லை: பலம். அதற்குக் காரணம் எங்கள் ரீச்சர்.

நாங்கள் படித்த காலத்தில் வலைப்பந்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். வெயிலில் விசில் ஊதி எங்களை ஓடவிட்டவர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு நாள் காலை, குசினியில் கீழே விழுந்த மூடியை எடுக்கக் குனிந்தவர் மெல்லச் சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. தலை அடிபடவில்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பின்னேரம் வந்து பார்க்கும் வரை அதே இடத்தில், சுவரில் சாய்ந்தபடி இருந்திருக்கிறார்.

பார்க்கப் போனபோது அவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. "விழுந்ததில ஒண்டும் ஆகேல்லப் பிள்ளை. எழும்பத்தான் ஏலாமல் போச்சு. நீங்கள் எல்லாம் இப்ப எழும்புவீங்களோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வீடு வந்து கதவைச் சாத்திவிட்டு நாங்கள் ஒவ்வொருவரும் நிலத்தில் இருந்து பார்த்தோம். நாற்பது வயது தாண்டிய எங்களில் பாதிப் பேருக்குக் கட்டில் விளிம்பு தேவைப்பட்டது.

தோழிகளே, தசை என்பது வங்கியில் போட்டுவைத்த பணம் போல் தானாக இருப்பதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. அறுபதுக்குப் பின் அந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவை விட அதன் பலம் இன்னும் விரைவாகக் குறைகிறது. அதிலும் முதலில் போவது வேகமாகச் சுருங்கும் நார்கள். கால் தடக்கும்போது மற்றக் காலைச் சட்டென்று முன்னே வைத்து நம்மைத் தாங்குவது அந்த நார்கள்தான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பும் வேகமாக அடர்த்தி இழக்கிறது. தாங்கும் தசை குறைய, தாங்கப்படும் எலும்பும் மெலிய, இரண்டும் சேர்ந்துதான் பிறகு "குளியலறையில் வழுக்கி விழுந்தா, இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு" என்ற செய்தியாக வருகிறது. வழுக்கியது அன்று. ஆனால் அந்த விழுகை தொடங்கியது இருபது வருடங்களுக்கு முன்பு.

எங்கள் அம்மம்மாமார் இதைச் சற்றும் அறியாதவர்கள் அல்ல. நாம் பெரிய பிள்ளையானபோது என்ன தந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினோம். "இடுப்புக்குப் பலம், குடி" என்று பக்கத்தில் நின்றார்கள். பிள்ளை பெற்றபோது சரக்குக் கறியும் பத்தியமும் வந்தன. பெண்ணுக்குப் பலம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன பண்பாடு நம்முடையது. ஆனால் அந்த இரண்டு சந்தர்ப்பங்களோடு அது நின்றுவிட்டது. அதன் பிறகு வரும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு எவரும் களி கிண்டித் தருவதில்லை.

அன்று அதற்குத் தேவையும் அவ்வளவாக இருக்கவில்லை. கிணற்றில் கப்பிக் கயிறு இழுத்தார்கள். அம்மியில் அரைத்தார்கள். உரலில் இடித்தார்கள். திருவலையில் இருந்து தேங்காய் துருவினார்கள். நிலத்தில் இருந்து சாப்பிட்டு எழும்பினார்கள். இன்று தண்ணீருக்கு மோட்டர், அரைக்க மிக்சி, இருக்கக் கதிரை. அந்தப் பழைய சுமைகள் திரும்பி வர வேண்டும் என்று எந்தப் பெண்ணும் கேட்க மாட்டாள், நாங்களும் கேட்கவில்லை. அவை நம் அம்மாமாரின் முதுகை முறித்த சுமைகளும்கூட. சொல்ல வருவது இதுதான்: சுமை போனபோது அது தந்த பலமும் சத்தமில்லாமல் போய்விட்டது.

"வீட்டு வேலையே போதுமே டொக்டர், விடியவிருந்து ஓடுறன்" என்பது நாங்கள் தினமும் கேட்கும் பதில். வீட்டு வேலை களைப்பைத் தரும். ஆனால் பலத்தைக் கூட்டாது. பலம் கூட வேண்டுமென்றால் உடலுக்கு நேற்றைவிடச் சற்றுக் கூடிய வேலை கொடுக்க வேண்டும். நேற்றுக் கழுவிய அதே சட்டியை இன்றும் கழுவினால் உடல் புதிதாக எதையும் கற்பதில்லை. நடையும் அப்படித்தான். கோட்டை வாசலில் மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குவது இருதயத்துக்கும் மனதுக்கும் மிக நல்லது, விட வேண்டாம். ஆனால் தசைக்கு அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலசைவு; அதோடு குறைந்தது இரண்டு நாட்கள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை? இனிச் சொல்லப் போவது எங்கள் சொந்தத் தோல்வி.

ரீச்சரைப் பார்த்து வந்த பிறகு எங்களில் நான்கு பேர் ஒரு முடிவு எடுத்தோம். இருவர் திருகோணமலையில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் மெல்பேணில். சனிக்கிழமைகளில் தொலைபேசித் திரையில் சந்தித்து, ஒன்றாகப் பயிற்சி செய்வது என்று திட்டம். உயர்தரப் பரீட்சைக்குப் போட்ட மாதிரி ஒரு நேரசூசி. வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். புதுச் சப்பாத்து, புது உடுப்பு. முதல் வாரம் எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. இரண்டாம் வாரம் ஒருவருக்கு இரவுக் கடமை, இன்னொருவருக்கு மாமியாரின் வருத்தம். மூன்றாம் வாரம், விட்டதை ஒரே நாளில் பிடிக்கலாம் என்று அளவுக்கு மீறிய பாரம் தூக்கியவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தூக்கியவர் வைத்தியர், மற்றவர்களுக்குப் புத்தி சொல்பவர். நான்காம் வாரம் திரையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் மனதுக்குள் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "பெயில்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்களிடம் இருந்தது பரீட்சை மனம். போர்க்காலத்தில், இடம்பெயர்ந்த இடத்தில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து மேலே வந்தவர்கள் நாங்கள். அந்த மனம் எங்களைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் பரீட்சைக்கு ஒரு திகதி உண்டு. அதுவரை உயிரைக் கொடுத்துப் படித்து, எழுதி, புத்தகத்தை மூடிவிடலாம். உடம்புக்கு அப்படி ஒரு திகதி இல்லை. அதற்கு வேண்டியது மாலையில் விளக்கு ஏற்றுகிற மனம். நேற்று ஏற்ற முடியவில்லை என்பதற்காக எவரும் இன்று ஏற்றாமல் விடுவதில்லை. நேற்றையதையும் சேர்த்து இரண்டு தடவை ஏற்றுவதும் இல்லை. பொழுது படுகிறது, திரியைத் தூண்டுகிறோம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மருத்துவமும் நமக்குத் துணை நிற்கிறது. ஓரிரு வாரம் விட்டால் பலம் பெரிதாகப் போவதில்லை. ஒருமுறை பழகிய தசை, இடைவெளிக்குப் பிறகு முதல் தடவையை விட விரைவாகத் திரும்பி வருகிறது. தொடங்கிய முதல் சில வாரங்களில் கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் உள்ளே, இருக்கிற தசையை ஒழுங்காகக் கூப்பிட மூளையும் நரம்பும் பழகுகின்றன. ஆகவே "ஒன்றும் நடக்கவில்லை" என்று நாம் விட்டுவிடும் அந்த நாட்களில்தான் முதல் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் மீண்டும் தொடங்கியபோது விதியைச் சிறிதாக்கினோம். வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம். முடியாத நாளில் ஐந்து நிமிடம். விட்டதைப் பிடிக்கக் கூடாது. இருக்கிற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதுகு பிடித்தவர் வெறும் கதிரையில் இருந்து எழும்புவதில் தொடங்கினார். வெட்கமாகத்தான் இருந்தது. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. சனிக்கிழமை இன்னும் நடக்கிறது.

"எங்களுக்கு வயது போய்விட்டது" என்று சொல்லும் அக்காமாருக்கு ஒரு செய்தி. 1990இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரைக் கால்தசைப் பயிற்சியில் ஈடுபடுத்தினார்கள். ஒன்பது பேர் எட்டு வாரங்களை முடித்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த 101 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2018 அளவில் அதன் முடிவுகள் வந்தன. ஒரு பகுதியினர் வாரம் இரண்டு முறை, அரை மணித்தியாலம், தகுந்தவர்களின் கண்காணிப்பில் உண்மையாகவே கனமான பாரம் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பின் அடர்த்தி கூடியிருந்தது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்திருந்தது.

ஆய்வுகூடத்தை விட்டு நம் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் தந்த தர்ஜினி சிவலிங்கம் 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன், சிறைச்சாலைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்த அவர் 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கமும், 800 மீற்றரில் வெண்கலமும் வென்றார். நாம் எல்லோரும் பதக்கம் வாங்கத் தேவையில்லை. ஆனால் அவர் ஓடிய மண் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அந்த மண்ணில் ஒரு பெண் எழுபதிலும் ஓடினால், "காலம் சரியில்லை, வசதி இல்லை" என்று நாம் சொல்வதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? ஐந்து வேலைகள் போதும். எழும்புதல், தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல்.

எழும்புதல்: கைபிடி இல்லாத கதிரையில் இருந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்து எழும்பி இருப்பது. தூக்குதல்: நிலத்தில் உள்ள தண்ணீர்க் கானை முதுகை வளைக்காமல், இடுப்பை மடித்துத் தூக்குவது. நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். வெறும் கையால் அவர்கள் இழுப்பதில்லை. பின்னுக்குச் சாய்ந்து, காலை மணலில் ஊன்றி, முழு உடம்பையும் கயிற்றில் கொடுக்கிறார்கள். பலம் காலிலும் இடுப்பிலும் இருக்கிறது. கை அதைக் கடத்துகிறது. தள்ளுதல்: சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளுவது, பழகியபின் மேசை விளிம்பில், அதன்பின் நிலத்தில். இழுத்தல்: பயிற்சிக்கான றப்பர் பட்டியை யன்னல் கம்பியில் கட்டி, முழங்கை பின்னால் போகும் வரை இழுப்பது. சுமந்து நடத்தல்: இரு கைகளிலும் ஒன்றரை லீற்றர் போத்தல்களோடு தொடங்கி, ஐந்து கிலோ அரிசிப் பை வரை மெல்ல மெல்லக் கூட்டி, நிமிர்ந்து நடப்பது. பல் தீட்டும்போது, குசினி மேடையில் ஒரு கை எட்டும் தூரத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். அதுதான் சமநிலைப் பயிற்சி.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்க வேண்டும். நோவாக இருக்கக் கூடாது. பன்னிரண்டும் சுகமாக வந்துவிட்டால், அடுத்த வாரம் சிறிது பாரம் கூட்டுங்கள். அந்தச் "சிறிது கூட்டுதல்" இல்லாவிட்டால் மீண்டும் சட்டி கழுவிய கதைதான்.

மூச்சை அடக்கிப் பாரம் தூக்க வேண்டாம். நெஞ்சு நோ, கட்டுப்படாத இரத்த அழுத்தம், சீனி வருத்தத்தால் கண்ணில் இரத்தக் கசிவு, அண்மையில் சத்திரசிகிச்சை, ஏற்கனவே எலும்பு மெலிவு இருப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்குங்கள்.

தசைக்குப் புரதமும் வேண்டும். வயது கூடக்கூட, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராமாவது நாளொன்றுக்குத் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். நம் காலை உணவு இடியப்பமும் சொதியும் சம்பலும். பின்னேரம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மீன் துண்டைப் போட்டுவிட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற பழக்கத்தை இந்த நூற்றாண்டு விழாவோடு விட்டுவிடுவோம். கௌபி, பயறு, பருப்பு, நெத்தலிக் கருவாடு எல்லாம் நம் குசினியில் இருப்பவைதானே. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டறிந்து உண்ணுங்கள்.

இப்போது மண்டபத்தில் ஒரு சிறு வேலை. விரும்பியவர்கள் மட்டும், பக்கத்தில் ஒருவர் துணை நிற்க, முப்பது வினாடியில் எத்தனை தடவை கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால், 65 முதல் 69 வரை 11க்குக் குறைந்தால், 70 முதல் 74 வரை 10க்குக் குறைந்தால் விழும் ஆபத்துக் கூட என்று கருதப்படுகிறது. மலரில் இதை வாசிப்பவர்களும் செய்து பாருங்கள். வந்த எண்ணை எழுதி வையுங்கள். அது புள்ளி அல்ல. நீங்கள் தொடங்கும் இடம்.

கடைசியாக, பெரியவர்களை விட்டு இன்று இந்த வளவில் படிக்கும் பிள்ளைகளிடம் வருகிறோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையை இந்த மாவட்டத்தில் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட பல இடங்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகமாக இறந்திருந்தார்கள் என்று அது சொன்னது. காரணங்கள் பல. பலர் பிள்ளைகளைக் கையில் வைத்திருந்தார்கள், வீட்டில் இருந்தார்கள். இலங்கையைப் பற்றிச் சொல்லும்போது, நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே பழக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் அது குறிப்பிட்டது.

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில் படித்தவர்கள் நாம். எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடம். அந்த நேரத்தில் கணிதம் படித்ததற்காக நாங்கள் அன்று சந்தோஷப்பட்டோம் என்பதையும் மறைக்கவில்லை. ஆகவே சங்கத்திடம் எங்கள் வகுப்பின் சார்பில் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, பதினொராம் வகுப்புக்கும் உயர்தரத்துக்கும் விளையாட்டு நேரம் பறிபோகாமல் பாதுகாக்க நாம் அதிபரோடும் பெற்றோரோடும் நிற்போம். இரண்டு, இந்த நூற்றாண்டின் நினைவாகக் கட்டடத்துக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கைப் பெண் பயிற்றுநரோடு நீச்சல் பழக்குவதற்கு ஒதுக்குவோம். முதல் ஆண்டுச் செலவில் எங்கள் வகுப்பு பங்கெடுக்கும்.

ரீச்சர் இன்று வரவில்லை. தூரப் பயணம் இன்னும் கடினம். ஆனால் மலசலகூடப் பக்கம் கைபிடி போட்டிருக்கிறோம். வாரம் இரண்டு நாள் எங்களில் ஒருவர் போய், கதிரையில் இருந்து எழும்பப் பழக்குகிறோம். தொடக்கத்தில் இரண்டு தலையணை வைத்தே எழும்பினார். இப்போது ஒரு தலையணை. நிலத்திலிருந்து எழும்ப இன்னும் முடியவில்லை. முடியுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டோம். போன கிழமை அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது எட்டாவதில் நிறுத்தச் சொன்னோம். "விசில் நான் ஊதேல்ல" என்று சொல்லிவிட்டு ஒன்பதாவதும் எழும்பினார்.

அவர் உங்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.